ஷேக்ஸ்பியரின் மாமனார் வீடு: ஓர் ஆங்கிலக் கிராமத்து வீட்டின் கட்டடக்கலை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து என்றதும் நாட்காட்டிகளிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் ஒரு படம் வரும். வைக்கோல் வேய்ந்த கூரை, கோணல்மாணலான மரச்சட்டங்கள், வெள்ளைச் சுவர், வாசலில் பூச்செடிகள். அந்தப் படங்களில் அடிக்கடி இடம்பெறும் வீடு வார்விக்‌ஷயரில் உள்ள ஷாட்டரி கிராமத்தில் இருக்கிறது. 'ஆன் ஹேதவேயின் குடிசை' என்று அதற்குப் பெயர். ஆன், ஷேக்ஸ்பியரின் மனைவி. ஏறத்தாழ ஐந்நூற்று அறுபது ஆண்டுகளாகத் தச்சர்களும் கொத்தர்களும் கூரை வேய்பவர்களும் விடாமல் செய்துவரும் வேலைதான் இந்த வீடு. அதைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

இது யாருடைய வீடு? ஷேக்ஸ்பியர் இங்கே வாழ்ந்தாரா?

இல்லை. இது அவருடைய மாமனார் வீடு. ஸ்ட்ராட்ஃபோர்டு-அபான்-ஏவன் நகரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வயல்வழியே நடந்தால் அரைமணி நேரம். வீட்டின் மிகப் பழைய பகுதி 1463-இல் எழுந்தது. அப்போது மூன்றே அறைகள். ஆன் ஹேதவேயின் தாத்தா ஜான் 1543 வாக்கில் இங்கே குத்தகைதாரராக இருந்தார். அவருக்குப் பின் மகன் ரிச்சர்டு. அவருடைய மகள்தான் ஆன். 1582-இல், பதினெட்டு வயது வில்லியமுக்கும் இருபத்தாறு வயது ஆனுக்கும் திருமணம் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இறந்த ரிச்சர்டு, மகளின் திருமண நாளில் கொடுக்கும்படி 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்னி உயிலில் எழுதிவைத்திருந்தார்.

ஆனின் சகோதரர் பார்த்தலோமியு 1610-இல் வீட்டை விலைக்கு வாங்கினார். அவர் காலத்திலும் அதற்குப் பிறகும் வீடு வளர்ந்து பன்னிரண்டு அறைகள் ஆனது. இன்று நீங்கள் வெளியே நின்று பார்த்தால், ஒரு பகுதி தாழ்ந்தும் மற்றொன்று உயர்ந்தும் இருப்பது தெரியும். தாழ்ந்தது பழையது, உயர்ந்தது பின்னால் சேர்த்தது.

பன்னிரண்டு அறை உள்ள வீட்டைக் குடிசை என்று சொல்வது சரியா?

சரியில்லை. இது தொண்ணூறு ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்த ஒரு பண்ணைவீடு. அந்தக் காலத்தில் 'காட்டேஜ்' என்ற சொல்லுக்கு அழகு என்ற பொருள் கிடையாது. நிலமற்ற கூலி உழவர் தங்கும் இடம் என்றே பொருள். 1589-இல் முதலாம் எலிசபெத்தின் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது: புதிதாகக் காட்டேஜ் கட்டுபவர் அதோடு நான்கு ஏக்கர் நிலமும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். நிலமில்லாத ஏழைகள் ஊருக்குள் குடியேறிவிடக் கூடாது என்ற அச்சம் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது.

அந்தக் கூலி உழவர்கள் வாழ்ந்த உண்மையான குடிசைகள் ஓரறை மண்வீடுகள். அவற்றில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. நல்ல ஓக் மரம் வாங்கவும் தச்சருக்குக் கூலி கொடுக்கவும் வசதி இருந்தவர்களின் வீடுகளே நின்றன. பிற்காலத்தில் நகரவாசிகள் அவற்றைப் பார்த்து ஆசையோடு குடிசை என்று அழைத்தார்கள். இந்தப் பெயர்மாற்றத்தை மறந்துவிட்டால், பழைய ஆங்கிலக் கிராமத்தில் எல்லோருமே இப்படி வாழ்ந்தார்கள் என்று நம்பிவிடுவோம். அது அந்த மண்வீட்டு மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

கூரையைத் தாங்குவது சுவரா?

பழைய பகுதியில் சுவர் எதையும் தாங்கவில்லை. இந்த வீட்டைப் புரிந்துகொள்ள இதுதான் முதல் படி.

'க்ரக்' என்ற முறை இது. வளைந்து வளர்ந்த ஓக் மரம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அதை நெடுகப் பிளந்தால் ஒரே வளைவுள்ள இரண்டு கால்கள் கிடைக்கும். அவற்றை எதிரெதிரே நிறுத்தி, கும்பிடும் கைகளைப்போல் உச்சியில் சேர்ப்பார்கள். தரையிலிருந்து மோட்டுவளை வரை ஒரே மரம். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் இரண்டையும் பிணைக்கும். இப்படி ஒரு சோடி, சில மீட்டர் தள்ளி இன்னொரு சோடி. இடைவெளி பெரும்பாலும் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த இடைவெளியை வைத்தே வீட்டின் அளவைச் சொல்வார்கள். நாம் 'இரண்டு கட்டு வீடு' என்று சொல்வதில்லையா, அதுபோல.

வேலை தரையில் நடக்கும். தச்சர் தம் முற்றத்தில் சட்டங்களைப் படுக்கவைத்து, வெட்டி, பொருத்திப் பார்த்து, பிறகு பிரித்து வண்டியில் ஏற்றுவார். எந்தத் துண்டு எங்கே போகவேண்டும் என்பது மறந்துவிடாதிருக்க, ஒவ்வொரு மூட்டிலும் உளியால் ரோமன் எண்ணைப்போல் கோடுகள் கீறிவைப்பார். இரண்டு கோடு போட்ட கழுந்து (துளையில் நுழையும்படி செதுக்கிய சட்ட நுனி) இரண்டு கோடு போட்ட துளைக்குத்தான் பொருந்தும். மரச்சட்ட வீடுகளில் இந்தக் கீறல்களை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். கட்டும் நாளில் ஊரே கூடிக் கயிறு கட்டி இழுத்து, சட்டகத்தைத் தூக்கி நிறுத்தும். அதன் பிறகுதான் சுவர் வரும். சுவர் என்பது சட்டங்களுக்கு நடுவே மாட்டிய ஒரு திரை.

க்ரக் வீடுகள் இங்கிலாந்தின் மேற்கிலும் வடக்கிலும் வேல்ஸிலும் நிறைய உண்டு. கிழக்கிலும் தென்கிழக்கிலும் அநேகமாக இல்லை. ஏன் என்பது பற்றி ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதித்துவருகிறார்கள்.

மரமெல்லாம் கோணலாக இருக்கிறதே, காலத்தால் சாய்ந்துவிட்டதா?

பாதிக்குமேல் காரணம் வயதல்ல. பச்சை மரத்தில் கட்டியதால் வந்த கோணல் அது. ஓக் காய்ந்துவிட்டால் வைரம் பாய்ந்து இரும்பைப்போல் ஆகிவிடும், உளி இறங்காது. அதனால் வெட்டிய சில மாதங்களிலேயே ஈரத்தோடு வேலையை முடித்துவிடுவார்கள். வீடு எழுந்த பிறகுதான் மரம் காயத் தொடங்கும். காயும்போது முறுக்கும், சுருங்கும், வெடிப்பு விடும். சட்டங்கள் தங்கள் வளைவைத் தேடிக்கொள்வது முதல் சில பத்தாண்டுகளில். அதன் பிறகு பல நூற்றாண்டுகள் அப்படியே நிற்கின்றன.

சுருங்குவதைக்கூடத் தச்சர்கள் தங்களுக்குச் சாதகமாக ஆக்கிக்கொண்டார்கள். கழுந்திலும் அதைக் கவ்வும் துளையிலும் மர ஆணிக்கான ஓட்டையை ஒரே நேர்கோட்டில் போடுவதில்லை. இரண்டையும் சில மில்லிமீட்டர் விலக்கிப் போடுவார்கள். காய்ந்த ஓக் ஆணியை அடித்து இறக்கும்போது அது வளைந்து நுழைந்து மூட்டை உள்ளுக்கு இழுக்கும். சட்டம் காயக் காயப் பிடி இறுகும். சட்டகத்தில் இரும்பு ஆணி தேவைப்படவில்லை. ஓக் மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துவிடும் என்பதால் தேவைப்பட்டாலும் நிலைத்திருக்காது.

சுவர் எதனால் ஆனது?

நம் ஊரில் வரிச்சு கட்டி மண் அப்பிய சுவரைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. சட்டங்களுக்கு இடையே செங்குத்தாக ஓக் குச்சிகளைச் செருகி, ஹேசல் செடியின் மெல்லிய கிளைகளைக் கூடை முடைவதுபோல் அவற்றில் பின்னுவார்கள். களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் மிதித்துக் குழைத்து, இருபுறமும் ஆட்கள் நின்று ஒரே நேரத்தில் அறைந்து அப்புவார்கள். மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். ஓக் அழுகாதிருக்க, சட்டகம் மண்ணில் நேரடியாக நிற்காது. உள்ளூர்க் கல்லால் கட்டிய தாழ்ந்த அடிச்சுவரின்மேல் நிற்கும். ஷாட்டரி வீட்டில் பின்னாளில் சில சட்டங்களுக்கு நடுவே மண்ணை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தார்கள்.

புகைபோக்கி இல்லாத காலத்தில் புகை எங்கே போனது?

வீட்டுக்குள்ளேயே சுற்றியது. 1463-இல் கட்டியபோது நடுக்கூடத்துக்கு மேல்தளம் கிடையாது. தரையிலிருந்து கூரை முகடுவரை திறந்த வெளி. கூடத்தின் நடுவே, தரையில் கல் பாவிய இடத்தில் நெருப்பு எரியும். சமையலும் அதில்தான், குளிர்காய்வதும் அதில்தான். புகை மேலெழுந்து கைமரங்களைச் சுற்றித் தேங்கி, வைக்கோல் இடுக்குகள் வழியாகவும் முகட்டு ஓரங்கள் வழியாகவும் மெல்ல வெளியேறும். கூடத்தின் ஒரு முனையில் எதிரெதிராக இரண்டு கதவுகள். காற்று வீசும் திசையைப் பார்த்து எதைத் திறப்பது, எதை மூடுவது என்று முடிவு செய்வார்கள். அந்த வீட்டுப் பெண்கள் தினமும் செய்த கணக்கு அது.

கண் எரியும், இருமல் வரும். ஆனால் புகைக்குப் பயனும் இருந்தது. கைமரங்களிலும் வைக்கோலிலும் பூச்சி அண்டாது. மேலே தொங்கவிட்ட பன்றி இறைச்சி பதப்படும். அந்தக் கரி இன்றும் போகவில்லை. பழைய வீட்டுக்குள் கட்டட வரலாற்றாளர் நுழைந்ததும் விளக்கோடு மாடப்பரணுக்குத்தான் ஏறுவார். கைமரத்தில் புகைக்கரி படிந்திருந்தால் அது திறந்த கூடமாக இருந்த வீடு. எங்கே கரி தடித்திருக்கிறதோ அதற்கு நேர் கீழே அடுப்பு. எங்கே கரி சட்டென்று நின்றுவிடுகிறதோ அங்கே ஒரு தடுப்புச்சுவர். காகிதத்தில் யாரும் எழுதிவைக்காத வீட்டு வரைபடத்தைக் கரி எழுதிவைத்திருக்கிறது. பழைய வீடுகளைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் அசைத்த செய்தி இதுதான்.

பிறகு புகைபோக்கி வந்தது. எசெக்ஸ் பகுதியில் வாழ்ந்த வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் 1577-இல் எழுதும்போது, ஊர்ப் பெரியவர்கள் தங்கள் வாழ்நாளில் கண்ட மூன்று பெரிய மாற்றங்களைக் குறிப்பிடுகிறார். அதில் முதலாவது, எங்கு பார்த்தாலும் எழுந்துவிட்ட புகைபோக்கிகள். மற்ற இரண்டும் படுக்கையும் பாத்திரமும்: வைக்கோல் பாய்க்குப் பதில் மெத்தை, மரத்தட்டுக்குப் பதில் ஈயக்கலவைத் தட்டு. ஏறத்தாழ 1570 முதல் 1640 வரை நாட்டுப்புறம் முழுவதும் நடந்த இந்த மாற்றத்துக்கு 'பெரும் மறுகட்டுமானம்' என்று வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1953-இல் பெயர் வைத்தார்.

ஹேதவே வீட்டிலும் அதுதான் நடந்தது. கல்லும் செங்கல்லும் கொண்டு பெரிய புகைபோக்கி எழுப்பினார்கள். புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதும், காலியாகக் கிடந்த மேல்வெளி பயன்படும் இடமாயிற்று. கூடத்துக்கு நடுவே உத்தரம் போட்டு மேல்தளம் அமைத்தார்கள். படுக்கையறைகள் மேலே போயின. அதனால்தான் இன்று அந்த வீட்டின் மாடி அறைகளில் க்ரக் மரங்கள் சுவரைக் கிழித்துக்கொண்டு வளைந்து வருகின்றன. மாடி வருமென்று நினைத்து அவற்றை யாரும் நிறுத்தவில்லை.

வைக்கோல் கூரை மழையைத் தாங்குமா?

தாங்கும், இரண்டு நிபந்தனைகளோடு. சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும், குறைந்தது 45 பாகை. வைக்கோல் நெருக்கமாக இருக்க வேண்டும். அப்போது மழைத்துளி ஒரு வைக்கோல் தாளிலிருந்து அடுத்த தாளுக்கு வழுக்கி இறவாணம் வரை ஓடிவிடும். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கூரையில் நனைவது மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும். உள்ளே கையை விட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும். தண்ணீர் வடிகுழாய் கிடையாது. அதற்குப் பதிலாக இறவாணம் சுவரைத் தாண்டி வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். மண்சுவருக்கு அதுதான் குடை.

வேய்வதற்குப் பயன்படுவது கோதுமை வைக்கோல் அல்லது நீர்நாணல். வைக்கோலைக் கட்டுக்கட்டாக அடுக்கி, ஹேசல் குச்சியால் தைப்பார்கள். குச்சியைப் பிளந்து, இரு முனையையும் கூராக்கி, நடுவில் ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கி மடிப்பார்கள். முறுக்காமல் மடித்தால் ஒடிந்துவிடும். நார் பிரிந்து வளைய வேண்டும். கொண்டை ஊசிபோல் ஆகிவிட்ட அதை வைக்கோலுக்குள் குத்தி இறக்கினால், விரிய முயன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரு கூரையில் ஆயிரக்கணக்கான ஊசிகள் இப்படி உள்ளே புதைந்திருக்கும்.

வைக்கோல் கூரை பதினைந்து முதல் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும், நல்ல நாணல் நாற்பதைத் தாண்டும். முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். இன்றைய கோதுமை ரகங்கள் குட்டையானவை. அறுவடை இயந்திரமும் தாளை நசுக்கிவிடுகிறது. அதனால் கூரைக்கென்றே 'மாரிஸ் விட்ஜன்' போன்ற நெடிய ரகங்களைச் சில உழவர்கள் பயிரிட்டு, பழைய வகை அறுவடைக் கருவியால் அறுத்துத் தருகிறார்கள். ஒரு கூரைக்காக ஒரு பயிரும் ஒரு இயந்திரமும் உயிரோடு இருக்கின்றன.

இன்னொன்று சொல்ல வேண்டும். பழுது பார்க்கும்போது பெரும்பாலும் அடியில் உள்ள பழைய வைக்கோலைத் தொடமாட்டார்கள். மேலே புதிது வேய்வார்கள். அதனால் டெவன் போன்ற பகுதிகளில் சில கூரைகளின் அடித்தட்டில், திறந்த அடுப்புக் காலத்துக் கரி படிந்த வைக்கோல் இன்னும் இருக்கிறது. இடைக்காலத்துக் கோதுமைக் கதிர்களும் அந்த வயலின் களைகளும் அதற்குள் அப்படியே கிடைக்கின்றன. வேறெங்கும் அழிந்துவிட்ட பயிர்வகைகளைத் தாவர ஆய்வாளர்கள் ஒரு வீட்டுக் கூரையில் கண்டெடுக்கிறார்கள்.

தீப்பிடித்தால்?

பிடித்திருக்கிறது. 1969-இல் இந்த வீட்டில் தீ வைக்கப்பட்டுக் கூரையும் மேற்பகுதியும் பெரிதும் சேதமடைந்தன. தடித்த ஓக் சட்டங்கள் வெளிப்புறம் கருகினாலும் உள்ளே உறுதியாக இருந்துவிடும். கரியே உள்மரத்துக்குக் காப்பாகிவிடுகிறது. சேதமான பகுதிகளை மீட்டுக் கட்டினார்கள்.

வைக்கோல் கூரையின் ஆபத்து அந்தக் காலத்தவருக்கும் தெரியாததல்ல. லண்டனில் 1212-இல் நடந்த பெரும் தீவிபத்துக்குப் பின் நகருக்குள் புதிதாக வைக்கோல் வேய்வதற்குத் தடை வந்தது. ஆனின் கணவருக்கே இந்த அனுபவம் உண்டு. 1613 ஜூன் 29 அன்று குளோப் அரங்கில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது, காட்சிக்காக வெடித்த பீரங்கியின் பொறி வைக்கோல் கூரையில் விழுந்து அரங்கம் முழுவதும் எரிந்துபோனது. 1997-இல் திறந்த இன்றைய குளோப் அரங்கின் கூரையும் வேய்ந்ததுதான், நீர்நாணலால். 1666 பெருந்தீக்குப் பின் லண்டனில் அனுமதிக்கப்பட்ட முதல் வேய்ந்த கூரை அது. முகட்டில் நீர்த்தெளிப்பான்கள் பொருத்தியிருக்கிறார்கள்.

ஊரடங்கைக் குறிக்கும் 'கர்ஃப்யூ' என்ற சொல்லும் இங்கிருந்து வந்ததுதான். 'நெருப்பை மூடு' என்பது அந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்லின் பொருள். இரவு மணி அடித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு நெருப்பை மூடிவைக்க வேண்டும்.

வாசற்கதவும் கூரையும் அவ்வளவு தாழ்வாக இருப்பது, அக்கால மக்கள் குள்ளமானவர்கள் என்பதாலா?

நம்மைவிடச் சற்றுக் குட்டையானவர்கள்தான். ஆனால் முதன்மைக் காரணம் அதுவன்று. இடையில் செருகிய மேல்தளம்தான் கீழ்த்தளத்தைத் தாழ்த்தியது. தாழ்ந்த அறை சீக்கிரம் சூடாகும், விறகு மிச்சம். கதவு சிறிதானால் குளிர்காற்றும் குறைவு.

சாளரங்களில் ஏன் வைரவடிவக் கண்ணாடித் துண்டுகள்?

பெரிய கண்ணாடி செய்யத் தெரியாத காலம். ஊதிச் செய்த கண்ணாடியைச் சிறு துண்டுகளாக வெட்டி ஈயப் பட்டைகளால் இணைத்தார்கள். சரிந்த கோணத்தில் இருந்தால் மழைநீர் ஈயத்தில் தேங்காமல் வழியும். ஆனால் 1463-இல் இந்த வீட்டில் வசித்தவர்கள் கண்ணாடியைத் தேவாலயத்தில்தான் பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்துக் கிராமத்துச் சாளரம் என்பது வரிசையாக நிறுத்திய ஓக் கம்பிகளும் உட்புறம் சாத்தும் மரப்பலகையும்தான். வெளிச்சம் வேண்டுமென்றால் குளிரையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கறுப்பு மரம், வெள்ளைச் சுவர் என்ற இந்த நிறச் சேர்க்கை அக்காலத்திலிருந்தே வருவதா?

பெரும்பாலான இடங்களில் இது பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கம். ஓக் மரத்தை அப்படியே விட்டால் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறமாகும். பல ஊர்களில் மரத்தையும் சுவரையும் சேர்த்து மஞ்சளோ இளஞ்சிவப்போ கலந்த சுண்ணாம்பு அடித்தார்கள். விக்டோரியா அரசி காலத்தில்தான் மரத்துக்குத் தார் பூசிக் கறுப்பாக்கும் பழக்கம் பரவியது. தார் மரத்தின் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும் என்பதால் பழைய வீட்டைப் பராமரிப்பவர்கள் இன்று அதை விரும்புவதில்லை. எனக்கும் அந்தச் சாம்பல் நிறம்தான் அழகாகத் தெரிகிறது.

1463 என்று அவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறார்கள்?

மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்து. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலம், வறண்ட ஆண்டில் குறுகல். ஒரு பகுதியில் வளர்ந்த எல்லா ஓக் மரங்களிலும் ஏறக்குறைய இதே வரிசை இருக்கும். உத்தரத்திலிருந்து பென்சில் தடிமனில் ஒரு துண்டைத் துளையிட்டு எடுத்து, பல நூற்றாண்டு அட்டவணையோடு பொருத்துவார்கள். மரப்பட்டை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால் வெட்டிய ஆண்டு கிடைத்துவிடும். பச்சை மரத்தில் கட்டியதால் வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தத் துல்லியம் பழைய நம்பிக்கைகளையும் திருத்தும். பக்கத்து ஊரான வில்ம்கோட்டில், ஷேக்ஸ்பியரின் தாய் மேரி ஆர்டன் பிறந்த வீடு என்று ஒரு அழகான மரச்சட்ட வீட்டை நெடுங்காலமாகக் காட்டிவந்தார்கள். 2000-இல் ஆவணங்களை ஆராய்ந்தபோது அது அண்டைவீட்டார் ஒருவருடையது என்று தெரிந்தது. உண்மையான வீடு அருகிலேயே செங்கல் முகத்தோடு யார் கண்ணிலும் படாமல் நின்றது. அதன் மரங்கள் 1514-இல் வெட்டியவை என்று வளையங்கள் காட்டின.

இங்கிலாந்து முழுவதும் வீடுகள் இப்படித்தானா?

ஊருக்கு ஊர் வேறு. காலுக்கடியில் என்ன கிடைக்கிறதோ அதுதான் வீடு. டெவனிலும் டார்செட்டிலும் சட்டகமே இல்லாமல், மண்ணும் வைக்கோலும் குழைத்து அரை மீட்டருக்கு மேல் தடித்த சுவர் எழுப்புவார்கள். அதற்கு நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் இருந்தால் போதும் என்பது டெவன் பக்கத்துச் சொலவடை. தொப்பி கூரை, செருப்பு கல் அடித்தளம். நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி பிறந்த, 1800-இல் அவருடைய கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு இந்த வகை. காட்ஸ்வோல்டு மலைப்பகுதியில் தேன்நிறச் சுண்ணக்கல். பைபரி கிராமத்தின் ஆர்லிங்டன் வரிசை வீடுகள் 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டி, பதினேழாம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றியவை. சசெக்ஸின் ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்தில் ஒரு பழைய பாதிரியார் வீட்டின் தரை, சுண்ணக்கட்டியை இடித்துப் பரப்பிப் புளித்த பால் ஊற்றி இறுக்கியது.

இந்தப் பழைய வீடுகளுக்குச் சிமெண்ட் பூசிப் பலப்படுத்தலாமே?

தயவுசெய்து கூடாது. இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளிவிடுபவை. மழை நாளில் சுவர் சற்று நனையும், மறுநாள் காய்ந்துவிடும். சிமெண்ட் இறுகிய தோல். மரம் அசையும்போது அதில் மயிரிழை வெடிப்பு விழும். வெடிப்பு வழியே நுழைந்த நீர் வெளியே வர முடியாது. ஓக் சட்டம் ஈரத்தில் ஊறி உள்ளுக்குள் மாவாகும். வெளியே பார்த்தால் சுவர் வழுவழுவென்று இருக்கும். ஐந்நூறு ஆண்டு நின்ற சட்டம் முப்பது நாற்பது ஆண்டுகளில் போய்விடும். இருபதாம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசிய வீடுகளில் இன்று அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்பு பூசுவதே பழுதுபார்ப்பவர்களின் பெரிய வேலையாக இருக்கிறது.

யார் காப்பாற்றினார்கள்?

பணமுடையால் ஹேதவே குடும்பம் 1846-இல் வீட்டை விற்றது. ஆனாலும் வாடகைக்கு அங்கேயே வாழ்ந்தது. 1892-இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை 3,000 பவுண்டு கொடுத்து வாங்கியபோது, அந்த வழியில் வந்த மேரி பேக்கர் என்ற முதிய பெண்மணி உள்ளே இருந்தார். வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு தொடர்ந்து அவரிடமே இருந்தது.

ஷேக்ஸ்பியர் பெயர் இருந்ததால் இந்த விலை. மேலே சொன்ன ஆல்ஃப்ரிஸ்டன் வீட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு 1896-இல் பத்துப் பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அது. இடிக்கும் நிலையில் இருந்த அந்த வீட்டுக்காக, அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில் நிதி கேட்டார். அதற்கு முன்பே, 1877-இல், வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். பழையதைப் புதிதாக்கிப் பொய்யாக நிறுத்தாதீர்கள், அன்றாடம் பராமரித்து நிற்கவையுங்கள் என்பது அதன் கொள்கை. கூரை ஒழுகும் இடத்தில் இன்று ஒரு கட்டு வைக்கோல் வைப்பது, நாளை கூரையையே மாற்றுவதைவிட மேல்.

முன்னால் உள்ள பூந்தோட்டமும் அவ்வளவு பழையதா?

இல்லை. ஹேதவே காலத்தில் அந்த இடத்தில் காய்கறியும் மூலிகையும் கோழிகளும் இருந்திருக்கும். இன்றைய பூந்தோட்டத்தின் அமைப்பில் பெரும்பங்கு 1920-களில் எல்லன் வில்மட் என்ற தோட்டக்கலைஞர் வகுத்தது.

ஊட்டியில் காட்டேஜ் என்று சொல்பவையும் இவையும் ஒன்றா?

உறவு உண்டு, ஆனால் நேரடி வாரிசு அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துச் செல்வந்தர்களுக்குக் கிராமத்து வீட்டின்மேல் மோகம் பிறந்தது. 1811 வாக்கில் ஜான் நாஷ் என்ற கட்டடக்கலைஞர் பிரிஸ்டல் அருகே பிளெய்ஸ் ஹாம்லெட்டில், ஓய்வுபெற்ற பணியாளர்களுக்காக ஒன்பது வீடுகளை வேண்டுமென்றே ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமல், உயர்ந்த புகைபோக்கிகளோடு அமைத்தார். பார்வைக்காகக் கட்டிய குடிசை அது. 1820-களில் ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டியதைத் தொடர்ந்து நீலகிரிக்கு வந்த ஆங்கிலேயர் மனத்தில் இருந்த காட்டேஜ் இந்தப் புதிய வகைதான். க்ரக் மரமும் வரிச்சுச் சுவரும் அங்கே வரவில்லை.

நேரில் போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

கூட்டம் தோட்டத்திலேயே நின்றுவிடும். நீங்கள் உள்ளே போங்கள். அடுப்படியில் ரொட்டி சுடும் அடுப்பின் வாயைப் பாருங்கள். கீழே கல்தரை பல தலைமுறைக் கால்கள் தேய்த்துப் பள்ளமாயிருக்கும். அதில் நின்றுகொண்டு, பெரிய புகைபோக்கிக்குள் தலையை நீட்டி வானம் தெரிகிறதா என்று பாருங்கள். மாடிக்கு ஏறும்போது தலை பத்திரம். அறையில் வளைந்து வரும் க்ரக் மரத்தை, அது தரைக்குள் எங்கே மறைகிறது, கூரைக்குள் எங்கே மறைகிறது என்று கண்ணால் தொடருங்கள். நீங்கள் நிற்கும் தளம் ஒருகாலத்தில் இல்லை. கீழே எரிந்த நெருப்பின் புகை, இப்போது உங்கள் முகம் இருக்கும் உயரத்தில்தான் மிதந்துகொண்டிருந்தது.